தவளைச் சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள்

அந்தப் பல்கலைக்கழகம் பூமியைக் காப்பாற்றுவதென்று ஒரு திங்கட்கிழமை, தேநீர் இடைவேளைக்குச் சற்று முன்னதாக முடிவெடுத்தது. அதுவரைக்கும் பூமி எப்படித் தாக்குப்பிடித்தது என்று யாரும் கேட்கவில்லை.

முடிவெடுத்த அரங்கில் குளிர்சாதனம் கொஞ்சம் தாராளமாக இருந்தது. துணைவேந்தர் கம்பளிச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "பூமி சூடாகிக்கொண்டிருக்கிறது, நண்பர்களே" என்றார். சொல்லும்போது அவருடைய பற்கள் தந்தியடித்தன. அதுவும் ஒலிபெருக்கியில் துல்லியமாகக் கேட்டது. காரணம், மைக் அண்ணன்.

மைக் அண்ணன் என்பது அவரை வளாகம் முழுக்கக் கூப்பிடும் பெயர். மேடைக்குப் பக்கவாட்டில் இருக்கும் சின்னக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, யார் பேசினாலும் சத்தத்தை ஏற்றி இறக்குவது அவர் வேலை. அரங்கில் மற்றவர்களுக்குத் தூங்கும் உரிமை உண்டு. அவருக்குக் கிடையாது. ஆக, பல்கலைக்கழகத்தில் பேசப்பட்ட எல்லாப் பேச்சையும் முழுசாகக் கேட்ட ஒரே மனிதர் அவர்தான். பேசியவர்கள்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டுக் கேட்டு அவர் அதையெல்லாம் நம்பத் தொடங்கிவிட்டார். இந்தக் கதையில் நடந்த அத்தனை கோளாறுக்கும் இதுதான் மூலகாரணம்.

அன்றே பசுமை டீன் என்று ஒரு பதவி உண்டாக்கப்பட்டது. அதுவரை கான்கிரீட் பொறியியல் துறைக்குத் தலைவராக இருந்தவர் அதில் அமர்ந்தார். அவர் முதலில் செய்தது, வளாகத்தில் காய்ந்து கிடந்த புல்தரை முழுவதற்கும் பச்சைப் பெயிண்ட் அடித்தது. மதில் இடுக்கு வழியாக வந்த ஆடு ஒன்று அதை மேய்ந்துவிட்டு, பச்சை நாக்கைத் தொங்கவிட்டபடி நூலக வாசலில் நின்று எல்லோரையும் முறைத்தது. டீன் அதைப் படம் பிடித்து 'வளாகத்தில் வனவிலங்கு' என்று வலைத்தளத்தில் போட்டார்.

அடுத்துதான் அவருடைய உண்மையான கண்டுபிடிப்பு வந்தது.

"மரம் நட்டா தண்ணி ஊத்தணும். சோலார் போட்டா துடைக்கணும். எல்லாத்துக்கும் செலவு இருக்கு," என்று ஆட்சிக் குழுவில் விளக்கினார் டீன். "ஆனா குற்ற உணர்ச்சிக்குச் செலவே கிடையாது. எவ்ளோ வேணும்னாலும் உற்பத்தி பண்ணலாம்."

துணைவேந்தர் மேசையைத் தட்டினார். அப்படிப் பிறந்ததுதான் பச்சாதாப வெள்ளி. வாராவாரம் வெள்ளிக்கிழமை பிற்பகல் ஊழியர்கள் அனைவரும் அரங்கில் கூட வேண்டும். ஒவ்வொருவராக மேடையேறி, இயற்கைக்குத் தாம் இழைத்த குற்றத்தைச் சொல்லித் தலைகுனிய வேண்டும். எல்லோர் சட்டையிலும் 'பூமியே, மன்னித்துவிடு' என்று எழுதிய ஒரு வில்லை குத்தப்பட்டது. வில்லை பிளாஸ்டிக். அது கசங்காமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு பிளாஸ்டிக் உறை.

முதல் வெள்ளி பதிவாளர் ஏறினார். "நான் ஒரு பாவி. பல்கலைக்கழகப் பணியில் இரவு பகலாக மூழ்கிக் கிடந்ததில், என் வீட்டுச் சன்னலோரச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன்," என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். கைதட்டல். நிதி அலுவலர் வந்து, "மாநாட்டு மண்டபம் கட்டுவதற்காக மரங்களை வெட்டும் உத்தரவில் கையெழுத்திட்டவன் நான். ஆனால் மூங்கில் பேனாவால் கையெழுத்திட்டேன்," என்றார். எழுந்து நின்று கைதட்டினார்கள். துணைவேந்தரின் குற்றம் எல்லோரையும் உலுக்கியது. தாம் இயற்கையை அளவுக்கு மீறி நேசித்துவிட்டதாகவும், அதனால் சொந்த உடல்நலத்தைக் கவனிக்கத் தவறியதாகவும் அவர் ஒப்புக்கொண்டார்.

கண்ணாடி அறைக்குள் மைக் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டில் அவர் மனைவிக்குத்தான் கஷ்டம். அந்த அம்மாள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பவர். வலிக்காமல் குத்துவார் என்று பெயர் வாங்கியவர். வீட்டில் அந்தப் பெயர் செல்லாது.

"ஏங்க, ஃபேன எதுக்கு நிறுத்துனீங்க?"

"பூமி பாவம்டி."

"நான் பாவமில்லையா? அரை வாளித் தண்ணில குளிச்சுட்டு பக்கத்துல வந்து உக்காருறீங்களே, அந்தப் பாவத்த எந்த வெள்ளிக்கிழமை சொல்லப் போறீங்க?"

மைக் அண்ணன் பதில் சொல்லவில்லை. பேசினால் மூச்சு அதிகமாக வெளியேறும், அதுவும் கரிவாயுதானே என்று போன வாரம் டீன் பேசியிருந்தார்.

இந்த நேரத்தில்தான் மரகதக் குழு வருவதாகச் செய்தி வந்தது. உலகத்தின் பசுமையான பல்கலைக்கழகங்களுக்கு மரகதச் சான்று கொடுக்கும் குழு அது. விமானத்தில் வருவார்கள், விமானத்தில் போவார்கள், நடுவில் வளாகத்தை மின்சார வண்டியில் சுற்றிப் பார்ப்பார்கள். எல்லாம் தயாராக இருந்தது. ஒன்று மட்டும் உதைத்தது. உயிரினப் பன்மை என்ற தலைப்பின் கீழ், 'வளாகத்தில் தவளைச் சத்தம் கேட்கப்பட்டதா?' என்று ஒரு கேள்வி.

அரங்குக்குப் பின்னால் ஒரு குளம் உண்டு. மழைநீர் சேமிப்புக் குளம் என்று பலகை இருந்தது. தண்ணீர் இல்லை. அதற்கு வர வேண்டிய தண்ணீர் முழுவதும் நுழைவாயில் நீரூற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. 'நீரைச் சேமிப்போம்' என்ற வாசகத்தை நீரூற்றே ஆகாயத்தில் எழுதிக் காட்டும், அப்படிப்பட்ட நீரூற்று அது. குளத்தின் சேறு வெடித்து, பாளம் பாளமாகக் கிடந்தது.

டீன் கண்ணாடி அறைக்கு வந்தார். மேடைக்காரர் யாரும் அங்கே வந்ததில்லை. மைக் அண்ணன் பதறிப்போய் எழுந்து, தமக்கிருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"மைக் அண்ணே, உங்ககிட்ட தவளை இருக்கா?"

"என்கிட்டயா சார்?"

"சத்தம், சத்தம். ரெக்கார்டிங்."

"தேடி எடுத்துடலாம் சார். எதுக்கு?"

"குளத்தோரப் புதருக்குள்ள ஸ்பீக்கர ஒளிச்சு வைங்க. குழு வர்றப்ப போட்டு விடுங்க."

"சார், அது பொய்யில்லையா?"

டீன் அவரைப் பரிவோடு பார்த்தார். "பொய் எப்படி ஆகும்? தவளை என்னிக்காவது வரத்தானே போகுது? அதுக்கு முன்னாடி சத்தம் வந்துடுது. இதுக்குப் பேரு முன்னோட்டம்."

மேடையில் கேட்ட எதையும் நம்பிப் பழகியவர், அறைக்குள் வந்து சொன்னதை நம்பாமல் இருப்பாரா? நம்பினார்.

வேலை என்று வந்துவிட்டால் அவர் கலைஞர். ஒரே தவளைச் சத்தத்தைத் திரும்பத் திரும்ப ஓட விட்டிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஒரு கிழத் தவளை கனைக்கும், இன்னொன்று பதில் சொல்லும், இளசுகள் குறுக்கே புகுந்து கும்மாளம் போடும், திடீரென்று எல்லாம் நிற்கும், பிறகு தூரத்தில் ஒன்று மட்டும் தயங்கித் தயங்கித் தொடங்கும். இப்படி அடுக்கடுக்காகக் கோத்தார். புதருக்குள் குழாய் ஸ்பீக்கர்களைச் செருகினார்.

குழு ஒரு மாலையில் வந்தது. அதன் தலைவி, குளத்தோரம் நின்று கண்களை மூடி, கையை உயர்த்தி எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொன்னார். தவளைகள் பாடின.

"இவை மகிழ்ச்சியாக இருக்கின்றன," என்றார் தலைவி.

"ஆமாம் மேடம். எங்கள் நலத்திட்டங்கள் அப்படி," என்றார் டீன்.

"ஒன்றையாவது பார்க்க முடியுமா?"

"அவை கூச்ச சுபாவம் உள்ளவை, மேடம். விளம்பரத்தை விரும்புவதில்லை. எங்கள் துணைவேந்தரைப் போல."

துணைவேந்தர் அடக்கமாகப் புகைப்படக்காரர் பக்கம் திரும்பினார். முழு மதிப்பெண் கிடைத்தது. சான்றிதழ் விழாவுக்குத் திரும்பி வருவதாகச் சொல்லிக் குழு புறப்பட்டது. முன்னறிவிப்பின்றி நடுவில் வந்தாலும் வருவார்கள் என்று, தினமும் மாலையில் தவளைகளைப் போட்டு வைக்கச் சொன்னார் டீன். மைக் அண்ணன் போட்டார்.

சில நாட்கள் கழித்து ஒரு மாலை தூறல் விழுந்தது. ஸ்பீக்கர் நனையுமே என்று ஓடிவந்து மைக் அண்ணன் சத்தத்தை நிறுத்தினார். சத்தம் நிற்கவில்லை. ஆம்ப்ளிஃபயரை அணைத்தார். நிற்கவில்லை. ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். அப்போதும் நிற்கவில்லை. புதரை விலக்கிப் பார்த்தார்.

குழாய் ஸ்பீக்கரின் வாய்க்குள் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. தொண்டையை உப்பி, 'வந்தாச்சு, எங்கே ஆளைக் காணோம்?' என்பது போல அவரைப் பார்த்தது. குளத்துக்குள் எட்டிப் பார்த்தார். வெடித்த சேற்றில், பாளத்துக்குப் பாளம், தவளைகள். எங்கெங்கிருந்தோ, எந்தெந்தச் சாக்கடையிலிருந்தோ, 'இங்கே தண்ணீர் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, வாருங்கள்' என்று அவர் கோத்து வைத்த பாட்டை நம்பி வந்திருந்தன. பத்திரிகை வைத்து அழைத்துவிட்டு, கல்யாண மண்டபத்தைப் பூட்டி வைத்த கதை.

தூறல் நின்றுபோனது. சேறு நாக்கு நனையும் அளவுக்குக்கூட நனையவில்லை.

டீனிடம் ஓடினார். "சார், நிஜத் தவளை வந்துடுச்சு சார்!"

"நிஜமா? யாரைக் கேட்டு வந்துச்சு?"

"நம்ம சத்தத்தக் கேட்டு சார். குளத்துல தண்ணி இல்ல. செத்துடும் சார்."

டீன் யோசித்தார். "குளத்துக்குத் தண்ணி விட்டா, நீர்ச் சிக்கனத்துல வாங்கின மார்க் போயிடும். செத்தா மக்கும். மக்குனா உரம். அதுவும் பசுமைதான்."

மைக் அண்ணனுக்கு அன்று டீனின் குரல் புரியாத மொழியில் கேட்டது. வெளியே வந்து நேராகப் பம்ப் அறைக்கு நடந்தார்.

பம்ப் அறையில் அவர் மனைவியின் அண்ணன் இருந்தார். வளாகத்துத் தண்ணீருக்கெல்லாம் வால்வு திறந்து மூடுபவர். ஓய்வு பெற அதிக காலம் இல்லை. குடும்பத்தோடு ஊழியர் குடியிருப்பில் இருந்தார். எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத மனிதர்.

"வாங்க மாப்பிள்ளை! என்ன, மூஞ்சி ஒயர் அறுந்த மாதிரி இருக்கு?"

"மச்சான், ஒரு தப்பு பண்ணிட்டேன்." எல்லாவற்றையும் சொன்னார்.

மச்சான் வயிறு குலுங்கச் சிரித்தார். "தவளைக்கே கத விடுற அளவுக்கு வளந்துட்டீங்களா? இதுவரைக்கும் மனுஷன மட்டும்தானே ஏமாத்துனாங்க இங்க!"

"சிரிக்காதீங்க மச்சான். ஸ்பீக்கருக்குள்ள உக்காந்து என்னையே பாக்குது. கொஞ்சம் குளத்து வால்வத் திறந்து விடுங்களேன்."

"நீர்க் காவல் படை சுத்துதே."

"என் பொறுப்பு மச்சான்."

'என் பொறுப்பு' என்று சொன்னதைப் பிறகு அவர் எத்தனையோ தடவை நினைத்து நினைத்துக் கூசினார். அப்போது மச்சான் வால்வு திருகும் பானாவை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வால்வு தானா லூசாயிடுச்சுன்னு வச்சுக்குவோம்," என்று சொல்லிவிட்டுத் திறந்தார். குளம் மெல்ல நனைந்து, பிறகு பளபளத்தது. தவளைகள் ஒரேயடியாகக் கத்தின. அவர் கோத்த பாட்டு அதற்கு முன்னால் வெறும் இருமல்.

நீர்க் காவல் படை என்பது டீன் அமைத்தது. தண்ணீர் வீணாவதைக் கண்டுபிடிக்க நாள் முழுதும் ஜீப்பில் சுற்றும். சுற்றும் ஜீப்பைத் தினமும் குழாய் போட்டுக் கழுவுவார்கள். அது குளத்தில் தண்ணீரைக் கண்டதும் விசில் ஊதியது. குளத்தில் தண்ணீர் இருப்பது விதிமீறல். வால்வு திறந்த ஆள் யார் என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

"யார் சொல்லித் திறந்தே?" என்று கேட்டார்கள்.

"யாரும் சொல்லல. எனக்கே தோணுச்சு," என்றார் மச்சான்.

தற்காலிகப் பணிநீக்கம். குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். விசாரணைக்குப் பிறகு நிரந்தரமாக வீட்டுக்கு அனுப்பலாமா என்று ஆட்சிக் குழு ஆலோசிக்கும். தண்ணீரை வீணாக்கும் ஊழியரிடம் நாங்கள் இரக்கம் காட்டுவதில்லை என்று மரகதக் குழுவுக்கும் ஒரு நகல் போனது. அதற்கும் மதிப்பெண் உண்டாம்.

அன்று மாலை மனைவி சாப்பாடு பரிமாறவில்லை. கொட்டினார்.

"எவன் பேச்சக் கேட்டு எங்கண்ணன் வால்வத் திறந்துச்சோ, அவன் நல்லா இருப்பானா?"

"இருக்க மாட்டான்," என்றார் மைக் அண்ணன், தட்டைப் பார்த்தபடி.

"நீங்க என்ன இவ்ளோ அடிச்சுச் சொல்றீங்க?"

"இல்ல, பொதுவா சொன்னேன்."

"அண்ணி அழுதுட்டு இருக்காங்க. பாத்திரம் பண்டத்தக் கட்ட ஆரம்பிச்சாச்சு. எங்கண்ணன் வாயத் திறக்க மாட்டேங்குது. யாரையோ காப்பாத்துது. அந்த ஆளு மட்டும் என் கையில கிடைக்கட்டும், நரம்பு தெரியாத இடமா பாத்துக் குத்துறேன்."

மைக் அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்து மச்சானே வந்தார். மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, "அட, விடும்மா. வேலை போனா போகுது. தவளை எப்படிக் கத்துது தெரியுமா?" என்று தேநீர் கேட்டார். மாப்பிள்ளையைப் பார்த்து லேசாகக் கண்ணடித்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது மைக் அண்ணனுக்கு.

மறுநாள் விடிந்ததும் டீன் அறைக்குப் போனார். "சார், வால்வத் திறக்கச் சொன்னது நான்தான். என்னைத் தண்டிங்க. அவர விட்டுடுங்க. எனக்குக் குற்ற உணர்ச்சி தாங்கல சார்."

டீன் நாட்காட்டியைப் பார்த்தார். "இன்னிக்கு செவ்வாய்."

"ஆமாம் சார்."

"குற்ற உணர்ச்சி வெள்ளிக்கிழமைதான்யா. எல்லாரும் கண்ட கண்ட கிழமையில வருத்தப்பட்டா நிர்வாகம் எப்படி நடக்கும்?"

"அப்ப வெள்ளிக்கிழமை சொல்லட்டுமா சார்?"

"வர்ற வெள்ளி சான்றிதழ் விழா. குழு முன்னாடி சாதாரண ஊழியர் ஒருத்தர் குற்றம் சொன்னா நல்லாத்தான் இருக்கும். ஆனா இந்தக் குற்றம் வேணாம். பெருசா இருக்கு. ஏதாவது சின்னதா, பாக்குறதுக்கு லட்சணமா ஒண்ணு சொல்லுங்க. மதியம் சாப்பிடப் போறப்ப ஆம்ப்ளிஃபயர அணைக்க மறந்துட்டேன்னு சொல்லுங்க, போதும்."

"நான் ஒரு நாளும் மறந்ததில்ல சார்."

"அதனால என்ன? வருத்தப்படறதுக்கு நடந்திருக்கணும்னு அவசியமில்ல."

வெள்ளிக்கிழமை வந்தது. வானம் காலையிலிருந்தே மூடிக் கிடந்தது. அரங்கு நிறைய வேண்டுமென்று ஊழியர்களின் குடும்பங்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். கடைசி வரிசையில் மனைவி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மச்சான். பணிநீக்கம் செய்யப்பட்டவர் என்பதால், மைக் அண்ணனின் குடும்பத்தார் என்ற முறையில் உள்ளே வந்திருந்தார். மேடையில் பூக்கள். எல்லாம் பிளாஸ்டிக். நிஜப் பூவைப் பறிப்பது வன்முறை.

துணைவேந்தர் எழுந்தார். "இயற்கையின் குரலுக்குச் செவி சாய்ப்பதே கல்வியின்..."

கொர்ர்ர், என்றது சன்னலுக்கு வெளியே.

"செவி சாய்ப்பதே கல்வியின் முதல்..."

கொர்ர்ர். கொர்ர்ர். குளம் முழுக்க ஒரே நேரத்தில் தொடங்கியது. துணைவேந்தர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. அவர் எரிச்சலோடு கண்ணாடி அறைப் பக்கம் திரும்பி, கையை மேலிருந்து கீழே இறக்கிக் காட்டினார்.

"தவளைச் சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள்!"

மைக் அண்ணன் உதவிக்கு யாருமில்லாமல் விழித்தார். டீன் ஓட்டமாக வந்து கண்ணாடிக் கதவைத் திறந்தார்.

"யோவ், கொறைய்யா!"

"சார், என்னோடது ஓடல. ஒயரே குடுக்கல. இது நிஜத் தவளை."

"அதனால என்ன? திருகு எங்க இருக்கு?"

"இதுக்குத் திருகு இல்ல சார்."

டீன் அவரை நம்பவில்லை. பலகையில் இருந்த குமிழ்களை எல்லாம் தாமே திருகினார். துணைவேந்தரின் குரல் கீச்சென்றாகி, பிறகு அடியோடு நின்றது. தவளைகள் மட்டும் பேசின. அரங்கில் யாரோ சிரித்தார்கள். "போய்யா, போய் உன் குற்றத்தச் சொல்லு, எதையாவது சொல்லிச் சமாளி," என்று டீன் அவரை மேடைக்குத் தள்ளினார். குமிழ்களைப் பழையபடி திருப்பி வைத்துவிட்டு மைக் அண்ணன் போனார்.

எத்தனையோ பேருக்கு மைக்கை உயர்த்தியும் தாழ்த்தியும் வைத்தவர், அன்றைக்குத்தான் அதற்கு முன்னால் நின்றார். ஆம்ப்ளிஃபயர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். கடைசி வரிசையில் மச்சான் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. பக்கத்தில் மனைவி.

"போன தடவை நீங்க கேட்ட தவளை, தவளை இல்லீங்க. நான் போட்ட ரெக்கார்டு. அதக் கேட்டு நிஜத் தவளை வந்துடுச்சு. வந்த இடத்துல தண்ணி இல்ல. நான்தான் எங்க மச்சான்கிட்ட கெஞ்சி வால்வத் திறக்கச் சொன்னேன். அவர் என் பேரச் சொல்லல. நானும் சொல்லல. வேலை போறதா இருந்தா என்னுது போகணும். அவ்ளோதாங்க."

பதிவாளர் தம் நாற்காலிக்குக் கீழே எதையோ தேடத் தொடங்கினார். எல்லோரும் மரகதக் குழுத் தலைவியைப் பார்த்தார்கள்.

தலைவி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எங்கள் கேள்வி, தவளைச் சத்தம் கேட்கப்பட்டதா என்பதுதான். கேட்டோம். தவளை இருந்ததா என்று நாங்கள் எங்கேயும் கேட்பதில்லை. அது தனிப்பட்ட விஷயம். நிஜத் தவளைகளும் இருப்பதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் முன்பு கேட்டவற்றின் தரம் இவற்றுக்கு இல்லை."

துணைவேந்தருக்கு உயிர் வந்தது. பாய்ந்து மைக்கைப் பிடித்தார். "உலகிலேயே முதன்முறையாக, ஒலியால் அழைத்து ஓர் உயிரினத்தையே மீட்டெடுத்த வளாகம் இது! இந்தத் திட்டம் பல காலமாக என் உள்ளத்தில் இருந்தது. தண்ணீர் திறந்த அந்த ஊழியர் எங்கே?"

"தாங்கள்தான் பணிநீக்கம் செய்தீர்கள் ஐயா," என்றார் பதிவாளர், நாற்காலிக்கு அடியிலிருந்து.

"பணிநீக்கமா? அது களப்பணி விடுப்பு!"

கைதட்டலில் தவளைச் சத்தம் அமுங்கியது. மச்சானுக்கு வேலை திரும்பியது. தவளை நலக் காப்பாளர் என்று பதவியும் உயர்ந்தது. குடியிருப்பும் தப்பியது. ஆனால் மனைவி கண்ணாடி அறை வாசலில் வந்து நின்றபோது மைக் அண்ணன் தாமாகவே கையை நீட்டினார், குத்தட்டும் என்று.

"ஊர்ல இருக்கிற தவளைக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு. கட்டினவளுக்குத் தெரியல," என்றார் அவர். வேறொன்றும் சொல்லவில்லை. வீடுவரைக்கும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கு ஊசியே மேல்.

இதோடு முடிந்திருந்தால் மைக் அண்ணன் தேறியிருப்பார். ஆனால் பல்கலைக்கழகம் தவளைகளைக் கௌரவிக்க முடிவெடுத்துவிட்டது. கான்கிரீட் பொறியியலில் டீனுக்கு இருந்த பற்று இன்னும் குறையவில்லை. குளத்தின் சேற்றை அள்ளிவிட்டு, அடியில் நீல ஓடு பதித்தார்கள். சுற்றிலும் வண்ண விளக்கு. நடுவில் கண்ணை உருட்டும் பிளாஸ்டிக் தவளை ஒன்று, ஆள் உயரத்துக்கு. தண்ணீர் கண்ணாடி போலத் தெரிய வேண்டுமென்று குளோரின் கொட்டினார்கள். வாசலில் பலகை வைத்தார்கள்: தவளை மண்டபம்.

தவளைகள் ஓட்டில் வழுக்கின. குளோரின் பட்டுக் கரையேறிப் புதருக்குள் மூச்சிரைத்தன. ஓட்டை அசிங்கம் செய்கின்றன என்று புகார் வந்தது. தவளை நலக் காப்பாளரின் கையில் ஒரு விசிலும் ஒரு நீளத் துடைப்பமும் கொடுக்கப்பட்டன. தவளை மண்டபத்துக்குள் தவளை வராமல் பார்த்துக்கொள்வது அவர் கடமை.

"மாப்பிள்ளை, பழையபடி சஸ்பெண்டே பண்ணச் சொல்லுங்க," என்றார் மச்சான். முதல்முறையாக அவர் சிரிக்காமல் பேசினார்.

மைக் அண்ணன் குறுகிப்போனார். பொய்யால் வரவழைத்தது ஒரு பாவம். வாயை மூடிக்கொண்டிருந்தால் சேறாவது மிஞ்சியிருக்கும். உண்மையைச் சொல்லி அதிலும் மண்ணை அள்ளிப் போட்டாயிற்று.

அப்போதுதான் டீன் மறுபடி வந்தார். "மைக் அண்ணே, மண்டபத்துல தவளையே கத்த மாட்டேங்குது. நன்றி கெட்ட ஜென்மங்க. குழு ஆண்டு ஆய்வுக்கு வருது. பழைய ரெக்கார்டிங்கப் போட்டுடுங்க."

"சரி சார்," என்றார் மைக் அண்ணன். சொன்ன வேகம் அவருக்கே வியப்பாக இருந்தது.

அன்று மாலை அவர் மச்சானைத் தேடிப் போனார். பம்ப் அறைக்குப் பின்னால், மதிலோரம், யாரும் எட்டிப் பார்க்காத ஒரு பள்ளம் இருந்தது.

"மச்சான், இங்க ஒரு பழைய வால்வு இருக்குல்ல? அது ஒழுக ஆரம்பிச்சா எவ்ளோ நாள்ல கண்டுபிடிப்பாங்க?"

மச்சான் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கண்டுபிடிச்சுச் சொல்ல வேண்டியவன் நான்தானே? எனக்கு இப்ப கண்ணு சரியாத் தெரியறதில்ல மாப்பிள்ளை." முகத்தில் பழைய சிரிப்பு எட்டிப் பார்த்தது. பானாவை எடுத்தார்.

புதருக்குள் இருந்த குழாய் ஸ்பீக்கர்களை மைக் அண்ணன் மண்டபத்துக்கு முதுகைக் காட்டித் திருப்பி வைத்தார். அவை பள்ளத்தைப் பார்த்துப் பாடின. அடுத்தடுத்த மாலைகளில் தவளைகள் ஒவ்வொன்றாகப் புதரை விட்டுக் கிளம்பி, பாதையைத் தாண்டி, மதிலோரமாகத் தத்திப் போயின. மச்சான் துடைப்பத்தை வைத்து வழியில் வந்த மின்சார வண்டிகளை நிறுத்திவைத்தார். பள்ளம் நிரம்பியதும் மைக் அண்ணன் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். என்ன இது என்று மனைவி கேட்டார். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னார். அவர் கேட்டு முடித்து, எழுந்து போய் ஃபேனைப் போட்டார்.

ஆய்வு வெள்ளியன்று குழுத் தலைவி சன்னல் வழியாகக் காது கொடுத்துக் கேட்டு, "தரம் திரும்பிவிட்டது," என்றார். "ரெக்கார்டிங் ரொம்பத் தத்ரூபமா இருக்குய்யா," என்று டீன் கிசுகிசுத்தார். அன்று மைக் அண்ணனின் முறை. மேடையேறினார். ஒழுகும் வால்வு தொண்டைவரை வந்தது. அதை விழுங்கினார்.

"மதியம் சாப்பிடப் போனப்ப ஆம்ப்ளிஃபயர அணைக்க மறந்துட்டேன். பூமி என்னை மன்னிக்கணும்."

அரங்கு எழுந்து நின்று கைதட்டியது. அவர் கூசிக் குறுகி, கண்ணாடி அறைக்குத் திரும்பினார். துணைவேந்தர் பேச வந்தார்.

"இயற்கையின் குரலுக்குச் செவி..."

கொர்ர்ர், என்றது பம்ப் அறைப் பக்கம்.

துணைவேந்தர் கையை மேலிருந்து கீழே இறக்கினார். "தவளைச் சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள்."

மைக் அண்ணன் பலகையின் ஓரத்தில் புதிதாகப் பொருத்தியிருந்த ஒரு குமிழைத் தொட்டார். அதிலிருந்து எந்த ஒயரும் எங்கும் போகவில்லை. எல்லோரும் பார்க்க, பக்குவமாக, கொஞ்சம் கொஞ்சமாக அதை இடப்பக்கம் திருகினார். வெளியே தவளைகள் முன்னைவிட உரக்கக் கத்தின.

"ஆங், இப்போது சரி," என்றார் துணைவேந்தர்.

மைக் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். டீன் பக்கத்திலிருந்தவரின் விலாவில் இடித்து, கண்ணாடி அறையைக் காட்டினார். "பாருங்க, அந்த முகத்தப் பாருங்க. வருத்தம்னா இப்படி இருக்கணும்."